வாய் ‘இன்னும்’ என்றது, கை ‘போதும்’ என்றது

என் செல்லச் சிட்டுவுக்கு,

அம்மா எழுதுகிறேன். நீ அங்கே உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல், வேளைக்குச் சாப்பிட்டு, குளிருக்குக் காதை மூடிக்கொண்டு வேலைக்குப் போய் வருகிறாய் என்ற நினைப்போடுதான் பேனாவை எடுத்திருக்கிறேன். இங்கே நானும் அப்பாவும் சுகம். போன தடவைகளிலும் இதே வார்த்தையைத்தான் எழுதினேன், ஆனால் அப்போது நீ கவலைப்படக் கூடாதே என்பதற்காக எழுதியது, இந்தத் தடவை உள்ளபடியே சுகமாக இருக்கிறோம். ஒரு வாரமாக உன்னிடம் சொல்ல வேண்டும் சொல்ல வேண்டும் என்று மனசு கிடந்து அடித்துக்கொள்கிறது. போனிலேயே சொல்லக் கூடாதா என்று கேட்பாய். போனில் என்றால் முதலில் நீ அழுவாய், உன்னைப் பார்த்து நான் அழுவேன், சொல்ல வந்தது பாதியில் நின்றுவிடும். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன், அழுவதானால் நீ மட்டும் அழுதுகொள், நான் அழுது முடித்தாயிற்று. பயப்படாதே, நல்ல சேதிதான்.

முதலில் உனக்கு ஒரு நன்றி. பெற்ற பிள்ளைக்கு யாராவது நன்றி சொல்வார்களா என்று முகத்தைச் சுளிக்காதே, சொல்ல வேண்டியதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த புதிதில், காரை விற்றுவிடலாம் என்று பேச்சு வந்தது உனக்கு நினைவிருக்கும். சித்தப்பா நல்ல மனசோடுதான் சொன்னார், ‘அண்ணி, அண்ணனால இனிமே ஓட்ட முடியாது, வண்டி சும்மா நின்னு துருப்பிடிக்கிறதுக்கு யாருக்காவது உபயோகப்படட்டுமே’ என்று. நானும் பாதி மனசாகத் தலையாட்டிவிட்டேன். நீ ஒருத்திதான் அத்தனை தூரத்திலிருந்துகொண்டு, ‘ஓட்டாட்டி என்னம்மா, அப்பா கண்ணு முன்னாடி நிக்கட்டும், நீங்க ஓட்டுங்க, வித்துடாதீங்க’ என்று பிடித்த பிடியில் நின்றாய். தூரத்தில் இருப்பவளுக்கு வாயால் சொல்வது சுலபம், வண்டியைப் பராமரிக்கப் போவது யார் என்று உள்ளுக்குள் எனக்குக் கோபம்கூட வந்தது. இன்றைக்குச் சொல்கிறேன், நீ சொன்னதைக் கேட்டதுதான் இந்த வருஷத்தில் நான் செய்த ஒரே புத்திசாலித்தனமான காரியம்.

நீ வந்துவிட்டுப் போனபோது அப்பா இருந்த நிலைமை உனக்குத் தெரியும். அதன் பிறகு கால் கொஞ்சம் கொஞ்சமாகத் தேறியது, ஊன்றுகோலோடு குளியலறை வரைக்கும் போனவர் இப்போது தெருமுனை வரைக்கும் நடக்கிறார். வலக்கை மட்டும் இன்னும் வைத்த இடத்திலேயே கிடக்கிறது. ஆனால் கையும் காலும் அல்ல அவரைத் தின்றது, பேச்சுதான். டிரைவிங் ஸ்கூலில் காலை முதல் சாயங்காலம் வரை பக்கத்து சீட்டில் உட்கார்ந்து ‘கிளச், கிளச், கிளச்சுன்னு சொன்னேன்ல’ என்று கத்திக் கத்தியே ஊரில் பாதிப் பேருக்கு வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்த வாய் அது. எனக்குக் கற்றுக்கொடுக்க வந்து இரண்டாவது வளைவிலேயே கல்யாணம் முறிந்துவிடும் போல ஆகி, நான் கோபித்துக்கொண்டு எதிர் ஸ்கூலில் போய்ச் சேர்ந்து லைசென்ஸ் வாங்கிய கதையை நீ உன் சிநேகிதிகளுக்கெல்லாம் சொல்லிச் சிரிப்பாயே. அந்த மனுஷர் வாயில் கடைசியில் மிஞ்சியது ‘அதான்’ என்ற ஒரு சொல். தண்ணீர் என்றாலும் அதான், தலைவலி என்றாலும் அதான். அதற்கு மேல் ‘வேணும்’, ‘வேணாம்’, ‘இன்னும்’, ‘போதும்’ என்று நாலு சொல் வரும், ஆனால் இடம் மாறி வரும். காபி வேண்டுமா என்றால் ‘வேணாம்’ என்று சொல்லிக்கொண்டே கையை நீட்டுவார். அதனால் அவர் வேணாம் என்றால் வேணும், வேணும் என்றால் வேணாம் என்று நானாகவே ஒரு கணக்குப் போட்டு வைத்துக்கொண்டு குடித்தனம் நடத்தினேன். பேச்சுப் பயிற்சி தரும் பெண் தங்கமான பெண், பூனை, குடை, கோப்பை என்று படம் போட்ட அட்டைகளை ஒவ்வொன்றாகக் காட்டுவாள். இவர் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொள்வார். ஒரு நாள் அட்டையைத் தட்டியே விட்டுவிட்டார். ‘சாருக்கு மனசு விட்டுப்போச்சும்மா, மனசு வராம வார்த்தை வராது’ என்று அவள் வெளியே வந்து மெதுவாகச் சொன்னாள். இதையெல்லாம் உனக்கு நான் எழுதவில்லை, எழுதி என்ன ஆகப்போகிறது, நீ வேலையை விட்டுவிட்டு வந்து நிற்பாய்.

இனி நடந்ததைச் சொல்கிறேன். போன வாரம் ஒரு காலையில் பேச்சுப் பயிற்சிக்கு அவரை அழைத்துக்கொண்டு கிளம்பினேன். நான்தான் ஓட்டினேன், அப்பா பக்கத்து சீட்டில். பழைய தானியக் கிடங்கைச் சுற்றி ரோடு ஏறித் திரும்பும் இல்லையா, அந்த வளைவில் திருப்பும்போது ஸ்டியரிங்குக்குப் பின்னால் சிவப்பாக ஒரு விளக்கு சிமிட்டியது. மூக்கு நீண்ட எண்ணெய்க் கிண்டி மாதிரி ஒரு படம். நான் பார்ப்பதற்குள் அணைந்துவிட்டது. சரி, போயிருச்சு, சாயங்காலம் யாரிடமாவது கேட்கலாம் என்று நான் பாட்டுக்கு ஓட்டிக்கொண்டிருக்கிறேன், அப்பா உடம்பை முழுசாகத் திருப்பி, இடக்கையை இந்தப் பக்கம் நீட்டி என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு ‘அதான்! அதான்!’ என்று கத்துகிறார். முகமெல்லாம் சிவந்து, நெற்றி நரம்பு புடைத்துக்கொண்டு. இரண்டாவது தடவை வந்துவிட்டது, இதோ இந்த ரோட்டிலேயே முடிந்தது என்றுதான் நினைத்தேன். ஆஸ்பத்திரிக்கு விட வேண்டும் என்று ஆக்ஸிலரேட்டரை மிதிக்கப் போனேன். அவர் என் கையை விட்டுவிட்டுச் சாவியைப் பிடித்துத் திருப்ப வருகிறார். அதைப் பார்த்துத்தான் ஓரமாக ஒதுக்கி நிறுத்தினேன், பாதி வண்டி நடைபாதை மேல் ஏறி நின்றது. நிறுத்தியதும் இன்ஜினை அணைக்கச் சொல்லி மறுபடி சாவியைக் காட்டினார். அணைத்தேன். அவ்வளவுதான், அப்பாடா என்று சாய்ந்து உட்கார்ந்துவிட்டார். ‘என்னங்க, நெஞ்சு வலிக்குதா, தலை சுத்துதா’ என்று நான் கேட்கக் கேட்க, இல்லை இல்லை என்று தலையை ஆட்டிவிட்டு, அந்தச் சிவப்பு விளக்கு இருந்த இடத்தை விரலால் குத்திக் குத்திக் காட்டினார். அப்போதுதான் புரிந்தது, ஆபத்து அவருக்கு இல்லை, வண்டிக்கு. ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்துக்கொண்டேன். எனக்கு அழுகையும் வந்தது, இந்த மனுஷர் மேல் கோபமும் வந்தது.

இறங்கி பானட்டைத் திறந்தேன். திறந்து என்ன செய்ய, உள்ளே எது எதுவென்று யாருக்குத் தெரியும். அந்த பானட்டை அவர் இருந்தவரை, அதாவது அவர் நன்றாக இருந்தவரை, வேறொருத்தர் தொட்டதில்லை. ஊன்றுகோலை ஊன்றி அப்பாவும் இறங்கி வந்துவிட்டார். வெயிலில் நிற்காதீர்கள் என்றால் கேட்கவா போகிறார். அந்த நேரத்தில் மஞ்சள் நிறத்தில் ஒரு ஸ்கூல் வேன் எங்களைத் தாண்டிப் போய், நின்று, திரும்பி வந்தது. பிள்ளைகளை இறக்கிவிட்டுக் காலி வண்டியோடு திரும்பிக்கொண்டிருந்த ஒரு பெண், உன்னைவிடக் கொஞ்சம் பெரியவளாக இருப்பாள், முழங்கை வரை சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு குதித்து இறங்கினாள். ‘என்னக்கா, வண்டி படுத்துருச்சா’ என்றாள். சிவப்பு விளக்கு கதையைச் சொன்னேன். ‘ஐயோ, அது எரிஞ்சா ஒரு அடி ஓட்டக்கூடாது, நிறுத்தினது நல்லதாப் போச்சு, ஆயில் பாத்துடலாம்’ என்று சொல்லி உள்ளே கையை விடப் போனாள். அப்பா ஊன்றுகோலைக் குறுக்கே நீட்டிவிட்டார். நீட்டி, இடக்கையை விரித்து இப்படிச் சாய்த்துக் காட்டி, பிறகு நேராக்கிக் காட்டினார். சாய்க்கிறார், நேராக்குகிறார். அவளுக்குச் சட்டென்று பிடிபட்டது. ‘வண்டி சாஞ்சு நிக்குதுன்னு சொல்றாரு, சமமான தரையில நிறுத்தித்தான் பாக்கணும், இல்லேன்னா அளவு தப்பாக் காட்டும்’ என்றாள். கிடங்கு வாசலில் மூட்டை இறக்கிக்கொண்டிருந்தவர்கள் வந்து கை கொடுத்தார்கள், நான் உள்ளே உட்கார்ந்து பிரேக்கைப் பார்த்துக்கொள்ள, எல்லோருமாகத் தள்ளிக் கிடங்கு முற்றத்து சிமெண்ட் தரையில் கொண்டுபோய் நிறுத்தினோம். ஆடிய ஆயில் இறங்கி அடியில் சேரட்டும் என்று கொஞ்ச நேரம் சும்மா நின்றோம். அந்த நேரத்தில் அவள் ஒரு பாட்டில் தண்ணீரை அப்பா கையில் கொடுத்து, மூடியைத் தானே திறக்காமல் அவர் பற்களால் திறக்கும்வரை பேசாமல் காத்திருந்தாள் பார், அது ஒரு குணம், எல்லோருக்கும் வராது.

அளவு பார்க்கும் குச்சி ஒன்று, தலையில் மஞ்சள் வளையம் போட்டது, இன்ஜின் பக்கத்தில் சொருகியிருக்கும். டிப்ஸ்டிக் என்கிறார்கள். அதை நான் இழுத்தேன். நீளமாக வந்தது, பாதிக்கு மேல் கருப்பாக ஆயில் அப்பியிருந்தது. ‘இருக்கே, நிறைய இருக்கே’ என்றேன் சந்தோஷமாக. அப்பாவுக்கு வந்ததே கோபம். ‘அதான்!’ என்று அதட்டி, சட்டையில் கையைத் தேய்த்துக் காட்டினார். துடைக்க வேண்டுமாம், வேன் பெண்தான் விளக்கினாள். ஓடும்போது ஆயில் எல்லா இடத்திலும் தெறிக்குமாம், முதலில் வருவது கணக்கில் சேராதாம், துடைத்துவிட்டு மறுபடி அடிவரைக்கும் சொருகி எடுத்தால்தான் அது உண்மை. நான் பேப்பர் கைக்குட்டையை எடுத்தேன், அதற்கும் தலையாட்டல், பஞ்சு ஒட்டிக்கொள்ளுமே. கடைசியில் நான் வேலை பார்க்கும் கண்ணாடிக் கடையில் லென்ஸ் துடைப்பேனே, அந்த மெல்லிய துணி கைப்பையில் இருந்தது, அதற்குச் சம்மதம் கிடைத்தது. இத்தனை வருஷம் எத்தனையோ பேர் மூக்குக் கண்ணாடியைத் துடைத்த துணி, அன்றைக்கு ஒரு காருக்குத் துடைத்தது. துடைத்து, முழுசாக உள்ளே விட்டு, மறுபடி எடுத்துப் பார்த்தால் சிட்டு, நுனியில் ஒரு சொட்டு. அவ்வளவுதான். குச்சியில் கீழே ஒரு கோடு, மேலே ஒரு கோடு இருக்கிறது, இரண்டுக்கும் நடுவில் ஆயில் நிற்க வேண்டும், இங்கே கீழ்க்கோட்டையே தொடவில்லை. அந்த வேன் பெண் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

உடனே ஓடிப்போய் அவள் வேனிலிருந்து ஒரு கேன் ஆயிலைக் கொண்டுவந்து, இன்ஜின் மேல் இருக்கும் மூடியைத் திருகித் திறந்து, ஊற்றத் தயாராகிவிட்டாள். அப்பா ‘வேணாம்’ என்றார். அவள் என்னைப் பார்த்தாள். நான் என் வழக்கமான கணக்கில், ‘அவர் வேணாம்னா வேணும்னு அர்த்தம், நீங்க ஊத்துங்க’ என்றேன். அவள் ஒரு மாதிரி பார்த்தாள் பார், எந்த வீட்டுக்காரியும் இப்படிச் சொல்லி அவள் கேட்டிருக்க மாட்டாள். ‘அக்கா, வேணுமா வேணாமா, ஒண்ணு சொல்லுங்க’ என்றாள். அப்பா மறுபடி ‘வேணாம்’ என்று சொல்லி, ஊன்றுகோலைக் கீழே போட்டுவிட்டு, இடது உள்ளங்கையால் அந்த ஓட்டையை அப்படியே பொத்திக்கொண்டார். கண்ணில் கெஞ்சல். என் வாழ்க்கையில் அவர் என்னிடம் கெஞ்சிப் பார்த்ததில்லை. நான் கேனை ஒதுக்கச் சொன்னேன். அவர் விரலால் அந்த மூடியைத் தட்டினார். எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தேன், மேலே பொடி எழுத்தில் எண்கள் அச்சடித்திருந்தது. பொடி எழுத்துப் படிப்பதுதானே என் பிழைப்பு, கண்ணாடிச் சட்டத்தின் காம்பில் இருக்கும் நம்பரையே படிக்கிறவள் நான். வேன் பெண்ணின் கேனில் இருந்த எண்கள் வேறு. அது டீசல் வண்டிக்கு ஊற்றும் கெட்டியான ஆயில். ‘அட ஆமா, அவசரத்துல நான் பாக்கவே இல்லை’ என்று அவளே தலையில் அடித்துக்கொண்டாள். அப்பா டிக்கியைக் காட்டினார். ஸ்டெப்னிக்குப் பக்கத்தில் பழைய துண்டு சுற்றி ஒரு கேன் பாதி ஆயிலோடு கிடந்தது, அதில் மூடியில் இருந்த அதே எண்கள். நோயில் விழுவதற்கு முன்னால் அவர் வாங்கி வைத்தது. கதவுக் கீலுக்குப் போடும் எண்ணெய் என்று நினைத்து அதை நான் யாருக்கோ தூக்கிக் கொடுக்க இருந்தேன்.

வேன் பெண் காலித் தண்ணீர் பாட்டிலின் கழுத்தை அறுத்து, ஈரம் போகத் துடைத்து ஒரு புனல் செய்தாள். அவள் புனலைப் பிடிக்க, நான் ஊற்றினேன். அப்பா தன் கையை என் கை மேல் வைத்துக்கொண்டார். கொஞ்சம் ஊற்றினதும் கையை அழுத்தினார், நிறுத்தினேன். ஆயில் இறங்கும்வரை பொறுத்து, குச்சியை எடுத்து, துடைத்து, விட்டு, எடுத்துப் பார்த்தோம். கீழ்க்கோட்டைத் தாண்டியிருந்தது. மறுபடி கொஞ்சம். மறுபடி பார்த்தோம். மூன்றாவது தடவை ஊற்றிக்கொண்டிருக்கும்போது அப்பா ‘இன்னும்… இன்னும்…’ என்றார். வேன் பெண் ‘சரி, ஊத்துங்கக்கா’ என்று கேனின் அடியைத் தூக்கிவிட்டாள். ஆனால் என் கை மேல் இருந்த அவர் கை கீழே அழுத்துகிறது, நன்றாகவே அழுத்துகிறது. வாய் இன்னும் என்கிறது, கை போதும் என்கிறது. எதைக் கேட்பது. எனக்குள் ஏதோ ஒன்று அந்த நிமிஷத்தில் திறந்துகொண்ட மாதிரி இருந்தது சிட்டு. என் வேணும் வேணாம் கணக்கெல்லாம் தப்பு, இத்தனை மாதமாக நான் அந்த மனுஷரின் வாயை மட்டும் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறேன். ‘நிறுத்துங்க, அவர் வாயைக் கேக்காதீங்க, கையைப் பாருங்க’ என்றேன். நிறுத்தினோம். குச்சியை எடுத்தால் மேல்கோட்டுக்கு ஒரு நூல் கீழே, வரைந்து வைத்த மாதிரி. இன்னும் கொஞ்சம் ஊற்றியிருந்தால் கோட்டைத் தாண்டியிருக்கும், குறைந்தால் மட்டுமல்ல, அதிகமானாலும் இன்ஜினுக்குக் கேடுதான் என்று அந்தப் பெண் சொன்னாள். ‘ஐயா கரெக்டாத்தான் சொல்லியிருக்காரு, நமக்குத்தான் காது சரியில்லை’ என்று அவள் சிரிக்க, அப்பாவும் சிரித்துவிட்டார். ஆஸ்பத்திரிக்கு அப்புறம் நான் அந்தச் சிரிப்பைப் பார்க்கவில்லை. மூடியை என்னிடம் கொடுக்கவில்லை, தானே இடக்கையால் வைத்து, திருகி, இறுகிவிட்டதா என்று அசைத்துப் பார்த்து, வழிந்திருந்ததைத் துடைத்துவிட்டுத்தான் நகர்ந்தார். ஒரு வேலையை ஆரம்பத்திலிருந்து கடைசி வரை அவர் நின்று முடித்தது அன்றைக்குத்தான்.

சாவியைத் திருப்பினேன், சிவப்பு விளக்கு எரிந்து உடனே அணைந்தது. அப்பா காதை வைத்துக் கேட்டார், பிறகு இன்ஜினை அணைக்கச் சொல்லி, அடியில் எங்காவது ஒழுகுகிறதா என்று என்னைக் குனிந்து பார்க்கச் சொல்லி, பொறுத்திருந்து இன்னொரு தடவை குச்சியைப் பார்த்த பிறகுதான் கிளம்பச் சம்மதித்தார். வேன் பெண் பின்னாலேயே ஒர்க்ஷாப் வரை வந்து விட்டுவிட்டு, பேரைக்கூடச் சொல்லாமல் கையை ஆட்டிவிட்டுப் போய்விட்டாள். ஒர்க்ஷாப்காரர் யார் தெரியுமா, அப்பாவிடம் ஓட்டக் கற்றுக்கொண்டு மூன்று தடவை டெஸ்டில் கோட்டை விட்டவர், இன்றைக்கும் மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவார். எல்லாம் பார்த்துவிட்டு, ‘இன்ஜினுக்கு ஒண்ணும் ஆகலைம்மா. வயசான இன்ஜின், கொஞ்சம் கொஞ்சமா ஆயிலைக் குடிக்கும், மாஸ்டர் வாராவாரம் பாத்து ஊத்திக்கிட்டு இருந்திருப்பாரு, அவர் படுத்ததுல யாரும் பாக்கலை. வளைவுல திரும்பும்போது அடியில கிடந்த கொஞ்சமும் ஒதுங்கியிருக்கு, அதான் விளக்கு சிமிட்டிச்சு. நீங்க மட்டும் அப்படியே ஓட்டியிருந்தா இன்ஜின் பிடிச்சு நடுரோட்டுல நின்னிருக்கும். மாஸ்டர்தான் காப்பாத்தியிருக்காரு’ என்றார். அப்பா அதைக் கேட்டு உடம்பை நிமிர்த்திக்கொண்டு உட்கார்ந்தார் பார், நீ பார்த்திருக்க வேண்டும். அதுவரை நாற்காலியில் சாய்ந்து கிடந்தவர், டிரைவிங் ஸ்கூல் வாசலில் உட்காருவது மாதிரி உட்கார்ந்தார்.

நேரம் தப்பிப் பயிற்சிக்குப் போய்ச் சேர்ந்தோம். கையெல்லாம் கரியோடு நடந்ததைச் சொன்னேன். பேச்சுப் பயிற்சி தரும் பெண் பூனை, குடை அட்டைகளை எடுத்து அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டாள். மறுநாளிலிருந்து நம் வீட்டுக்கே வருகிறாள். பயிற்சி எங்கே என்கிறாய், திறந்த பானட்டுக்கு முன்னால். துணி, மூடி, புனல், குச்சி. ஒவ்வொன்றாக அவர் கையில் கொடுத்து, அதை வைத்து என்ன செய்வீர்களோ செய்யுங்கள் சார், செய்துகொண்டே சொல்லுங்கள் என்கிறாள். கை செய்யும்போது வாய் அதன் பின்னாலேயே வருகிறது. முதலில் வந்த சொல் ‘துணி’. அப்புறம் ‘மூடி’. மூன்றாவது நாள், அவள் அவசரமாகக் குச்சியைச் சொருகினபோது, பழைய குரலில், பழைய எரிச்சலோடு ‘மெதுவா’ என்று ஒரு அதட்டல். நான் சமையலறையில் கையில் இருந்ததை அப்படியே போட்டுவிட்டேன். எத்தனையோ வருஷம் எத்தனையோ பேருக்குச் சொன்ன சொல் இல்லையா, அது எங்கேயும் போகவில்லை, உள்ளேயே இருந்திருக்கிறது. அவளுக்கு இன்னும் லைசென்ஸ் இல்லையாம், இப்போது நிறுத்திவைத்த வண்டியில் அவளை உட்காரவைத்து கியரும் கிளச்சும் காட்டிக்கொடுக்கிறார். ‘நான் சாருக்குச் சொல்லிக்கொடுக்கிறேனா, சார் எனக்குச் சொல்லிக்கொடுக்கிறாரா தெரியலைம்மா’ என்கிறாள். ‘இன்னும்’, ‘போதும்’ மட்டும் இன்னும் தடம் மாறுகிறது. சாப்பிடும்போது இன்னும் என்பார், கை தட்டை மூடிக்கொண்டிருக்கும். நான் கையைப் பார்த்துக்கொள்கிறேன், இப்போதெல்லாம் பிசகுவதில்லை. பழையபடி எல்லாம் திரும்பி வரும் என்று டாக்டர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. இவ்வளவு வந்ததே, அதுவே எனக்கு நிறைவு.

இதில் யாருக்கு நான் நன்றி சொல்லாமல் விடுவேன் சொல்லு. வண்டியை விற்காதே என்ற உனக்கு. போன வேனைத் திருப்பிக்கொண்டு வந்தவளுக்கு. மூட்டையைப் போட்டுவிட்டு வந்து தள்ளினவர்களுக்கு. சித்தப்பாவுக்கும்தான், நடந்ததைக் கேட்டு ஞாயிற்றுக்கிழமை வந்து, ‘அண்ணா, எனக்கும் என் வண்டியில ஆயில் பாக்கத் தெரியாது, காட்டுங்க’ என்று அடக்கமாக நின்றார், தெரிந்தே கேட்டாரா தெரியாமல் கேட்டாரா என்பது அவருக்கே வெளிச்சம். அந்த வேன் பெண்ணை நேற்று சிக்னலில் பார்த்தோம், அப்பா கண்ணாடியை இறக்கி இடக்கையால் ஒரு சல்யூட் வைத்தார், அவள் ஹாரனை நீளமாக அடித்தாள், பின்னால் இருந்தவர்கள் திட்டினார்கள்.

சரி, உன் கதைக்கு வருகிறேன். நீ பழைய கார் ஒன்று வாங்கியிருக்கிறாய், ஓடுகிறது, பெட்ரோல் மட்டும் போடுகிறேன் என்று போன தடவை பேசினபோது பெருமையாகச் சொன்னாய். பெட்ரோல் போட்டால் போதுமா, வயிற்றுக்குச் சோறு போட்டுவிட்டுத் தண்ணீரே கொடுக்காத மாதிரி. இந்தக் கடிதம் கிடைத்த பிறகு வருகிற விடுமுறை நாளில் சமமான தரையாகப் பார்த்து வண்டியை நிறுத்து. அணைத்துவிட்டுப் பொறுமையாக இரு. குச்சியை எடு, துடை, முழுசாக விடு, மறுபடி எடு, இரண்டு கோட்டுக்கு நடுவில் இருக்கிறதா பார். குறைவாக இருந்தால், உன் வண்டிக்கு எந்த ஆயில் என்று அதன் கையேட்டில் இருக்கும், அதையே வாங்கு, கடைக்காரர் இதுவும் ஒன்றுதான் என்று கொடுப்பதை வாங்காதே. கொஞ்சமாக ஊற்று, பார், மறுபடி கொஞ்சம். ஒரேயடியாகக் கவிழ்க்காதே, அந்த அவசரம் உனக்கு என்னிடமிருந்து வந்தது, அதை அங்கேயே விட்டுவிடு. மூடியைப் போட மறக்காதே. அடிக்கடி குறைகிறதென்றால் ஒர்க்ஷாப்பில் காட்டு. சிவப்பு விளக்கு எரிந்தால் அணைந்துவிட்டதே என்று ஓட்டாமல் ஓரமாக நிறுத்து, வேலைக்குப் போவது தாமதமானால் ஆகட்டும். மற்றபடி உன் வாய்க்கும் ஒன்று சொல்கிறேன், போனில் நீ ‘நல்லா இருக்கேம்மா’ என்கிறபோது குரல் வேறு மாதிரி இருக்கிறது. நான் இப்போது வாயை மட்டும் கேட்பதில்லை. உண்மையைச் சொல், கஷ்டம் என்றால் கஷ்டம் என்று சொல். வேலையை விட்டுவிட்டு ஓடிவர வேண்டாம், லீவு கிடைக்கும்போது வா போதும்.

எழுதி முடிக்கப் போகிறேன். கடைசி ஒன்று. இதை எழுதிக்கொண்டிருக்கும்போது அப்பா எதிரே வந்து உட்கார்ந்தார், யாருக்கு என்று புருவத்தால் கேட்டார். சிட்டுவுக்கு, வண்டியில் ஆயில் பார்க்கச் சொல்லி எழுதுகிறேன் என்றேன். தலையாட்டினார். எழுந்து போகவில்லை. என்னவோ தேடுகிற மாதிரி மேஜையையே பார்த்துக்கொண்டிருந்தார். பயிற்சிப் பெண்ணும் பக்கத்தில் இல்லை, கையில் துணியும் இல்லை, குச்சியும் இல்லை. ரொம்ப நேரம் கழித்து, ஒவ்வொரு சொல்லாக, நடுவில் நிறுத்தி நிறுத்தி, ‘இன்ஜின்… சூடா இருக்கும்… புள்ள கை… பத்திரம்’ என்றார். யாரும் கேட்காமல், யாரும் எடுத்துக் கொடுக்காமல், ஒரு சொல்கூட இடம் மாறாமல். நோயில் விழுந்ததற்கு அப்புறம் அவராகச் சொன்ன முதல் முழுப் பேச்சு அது, அதுவும் உனக்கு. அவர் சொன்னதைச் சொன்னபடியே எழுதியிருக்கிறேன், ஒரு எழுத்து நான் சேர்க்கவில்லை.

கை பத்திரம் கண்ணே. நீ தொட்டதெல்லாம் துலங்க வேண்டும், போகிற வழியெல்லாம் உனக்கு நல்ல மனுஷர்கள் வந்து சேர வேண்டும், நீயும் யாருக்காவது வண்டியைத் திருப்பிக்கொண்டு போய் நிற்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணும்போது முதலில் அப்பாவிடம் பேசு, அவர் சொல் தேடும்போது நீ எடுத்துக் கொடுக்காதே, பொறுத்திரு.

ஆயிரம் முத்தங்களோடும் அப்பாவின் ஆசியோடும்,
உன் அம்மா